கையெழுத்துப் போடாத சான்றிதழ்

ஞாயிறு, இரவு

இடது கையால் எழுதுகிறேன். வலது கை விரல்கள் வீங்கிவிட்டன.

சாந்தோம் தேவாலயப் பங்கு மண்டபத்தில் இன்று, கல்யாணம் நிச்சயமானவர்களுக்கான வகுப்பு. தாம்பத்திய உறவைப் பற்றி ஒன்பது வருடமாக நானும் என் கணவரும்தான் பேசுகிறோம். உடம்பு ஆண்டவர் தந்த பரிசு, அதைத் தர வேண்டும், பறிக்கக் கூடாது என்பது என் பகுதி. மனப்பாடம்.

ஒரு பெண் எழுந்தாள். "ஆன்ட்டி, அன்னிக்கு இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லலாமா?"

இவர் முந்திக்கொண்டார். "கோயில்ல ஒரு தடவ சம்மதம்னு சொல்லிட்டல்ல. அப்புறம் தெனம் இன்னா கேள்வி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் சிரித்துக்கொண்டே அவள் கைச் சதையைக் கிள்ளித் திருகினான். அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அப்படி உட்கார எனக்கும் தெரியும்.

மைக்கை வாங்கினேன். "சொல்லலாம்மா. கல்யாணத்தன்னிக்கு, கட்டாயமில்லாம வந்தியான்னுதான் சாமியாரே மொதல்ல கேப்பாரு. அந்தக் கேள்வி வீட்லயும் உண்டு."

வகுப்புச் சான்றிதழில் எங்கள் இருவர் கையெழுத்தும் இல்லாவிட்டால் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க மாட்டார்கள்; அந்த அறிவிப்பு இல்லாமல் கல்யாணமும் நடக்காது. அவளுடையதில் நான் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதவைத் தாழிட்டார். அவள் சான்றிதழை என் முன்னால் வைத்து, "போடு" என்று பேனாவை என் விரல்களுக்கு நடுவில் செருகி நெரித்தார். உள்ளே ஏதோ முறிந்தது. பேனா முறியவில்லை. அதே பேனாதான் இது.

படுக்கையில் என் பக்கத்தைத் தட்டிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

நாளை அவள் சான்றிதழ் வாங்க வருவாள். இந்தக் கையைக் காட்டுவேன்.