இணைச்சீருக்கு நிற்க வேண்டியவளுக்கு

திருப்பூர்
30.12.2007, ஞாயிறு

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி வேல்குமாரும் சென்னிமலை முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். பாங்காக்கில் நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை, எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே தையல் போட்டிருக்கிறது என்று படமாகவே எடுத்து அனுப்பிவிட்டாய், பிறகு என்ன சுகம் விசாரிப்பது. உன் பெயரை எழுதும்போது கை இன்னும் கொஞ்சம் நின்றுதான் எழுதுகிறது, தப்பாக நினைக்காதே, பழகிவிடும். இந்த நாலைந்து நாளாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்கு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினால் பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. "ஒரு பக்கம் உக்காரேன் அம்மிணி, பாக்கற எனக்கே கிறுகிறுங்குது" என்று உன் அப்பா சத்தம் போட்டார். உட்கார்ந்து எழுதினாலாவது இந்தப் படபடப்பு அடங்குமா என்று பார்க்கிறேன்.

நீ அனுப்பிய சிடி புதன்கிழமை வந்தது. வேல்குமார் தன் கம்பெனி ஆபீஸில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டு வந்திருக்கிறான், கண் சிவந்திருந்தது, கேட்டால் தூசி என்றான். "நீங்களே பாருங்கம்மா, எனக்கு பேக்கிங் வேலை கெடக்குது" என்று டிவியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். அப்பா டிவிக்கு முதுகைக் காட்டி பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார், படம் முடியும்வரை ஒரே பக்கத்தைத்தான் படித்தார். நான் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் காலம் தள்ளியவள், ஓட்டை, கறை, தையல் விட்டது என்று தேடித்தான் எனக்கு எதையும் பார்க்க வரும், உன் படத்தையும் நிறுத்தி நிறுத்தி அப்படித்தான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது உன் டவுசர். இடுப்பு எலாஸ்டிக் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடக்கிறது. கார்மெண்ட்ஸில் குறை கண்டுபிடிக்கிற க்யூசி வேலை பார்க்கிற பிள்ளை அப்படியொரு டவுசரைப் போட்டுக்கொண்டா நாலு பேர் முன்னால் நிற்பாய்?

முழங்கையால் எல்லாம் அடிக்கிற அந்த ஊர்க் குத்துச்சண்டைக்காரியைப் பற்றிய படம் என்றதும் முழுக்க அடிதடியாக இருக்கும் என்று நினைத்தேன், பாதிப் படம் நீ பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாய். பெண்கள் பக்கம் போனால் இவளோடு மோத மாட்டோம் என்கிறார்கள், ஆண்கள் பக்கம் போனால் முடியை வெட்டிவிட்டு வா என்கிறார்கள். ஒரு டாக்டர் காகிதம் கேட்கிறார், இன்னொருவர் அந்தக் காகிதம் செல்லாது என்கிறார். நீ கையில் சுற்றிய துணியை அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருக்கிறாய். அந்தக் கண்ணாடி போட்ட ஆள் உன்னைப் பார்க்காமலேயே தலையை ஆட்டினானே, அவன் மட்டும் என் கையில் கிடைத்திருக்க வேண்டும். கடைசியில் ஆண்பிள்ளையோடுதான் மோத விட்டார்கள். அங்கே ஆண்கள் கயிற்றைத் தாண்டி மேடைக்குள் போவார்களாம், பெண்கள் அடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் நுழைய வேண்டுமாம், இது வேல்குமார் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னோடு மோதினவன் தாண்டிப் போனான், நீ மட்டும் தரையோடு தரையாகத் தவழ்ந்து போனாய், கூட்டம் சிரித்தது. இத்தனை உயரம் வளர்ந்துவிட்டு எதற்கு இந்தத் தவழல் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. விஷயம் தெரிந்த பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பெண்ணுக்கு விட்ட வழி இதுதான் என்றால் இதில்தான் போவேன் என்று போயிருக்கிறாய், யார் சிரித்தால் என்ன என்று போயிருக்கிறாய். அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம். அவன் முழங்கையால் உன் புருவத்தில் போட்டபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள், எலி என்று சொல்லி அனுப்பினேன். நீ தோற்றுவிட்டாய், பரவாயில்லை, மணி அடிக்கிற வரைக்கும் கீழே விழவில்லை.

அதற்கப்புறம் அந்தப் படம் எடுத்த பெண் உன்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்கிறாள். அதுவரை வேறு பாஷையில் பேசிக்கொண்டிருந்த நீ அங்கே மட்டும் நம் தமிழில் பேசினாய். தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், மனசோடு கூப்பிட்டால் போவேன், ஒப்புக்குக் கூப்பிட்டால் அன்றைக்குப் போட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தாய். போன வாரம் போனில் தைப்பூசம் கழிந்து வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம் என்று நான் சொன்னதும், "அன்னைக்கு எனக்கு மேட்ச் இருக்குதும்மா" என்றாயே, எவ்வளவு லேசாகச் சொன்னாய். பொய் சொல்கிறவள் அதைப் படமாக எடுத்து அனுப்புவாளா, கண்ணு? மாப்பிள்ளைக்கு இணையாகக் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டிய இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் அனுப்ரியாவை நிறுத்துவதாகப் பேசி வைத்திருந்தார்கள், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கிறது. டிவியில் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டி முடித்த பிறகு பார்த்தால் இங்கேயும் ஒரு பெஞ்சு போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன், சொல்லாமல் கொள்ளாமல் கணியூரிலிருந்து சம்பந்தியம்மா மருதாள் வந்து நின்றார்கள், தோட்டத்துத் தேங்காய் ஒரு மூட்டையோடு. பதறிப்போய் நிறுத்துகிற பட்டனை அமுக்கினேன், படம் போகவில்லை, உன் முகம் டிவி நிறைய அப்படியே நின்றுகொண்டது. வெளிநாட்டுப் படமுங்க என்று சொல்லி காபி போடப் போனேன். அவர்கள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள ஆருங்க, உங்க மூஞ்சியாட்டமே இருக்குது" என்றார்கள். பக்கத்து வீட்டுக்குச் சொன்னதுபோல ஏதாவது சொல்லியிருக்கலாம். "எம் மூத்த மகளுங்க, பொறந்தப்ப பையன்னு நெனச்சு வளத்தோமுங்க, பொண்ணுங்க அது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உடம்பெல்லாம் வேர்த்தது, வெளி மனுசரிடம் இதை நான் சொன்னதே இல்லை. மூத்தவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்றுதானே அவர்களிடம் பேசி வைத்திருந்தோம். மருதாள் காபியை ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தார்கள், நெற்றியில் அந்தத் தையல் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள். அதிலிருந்து போன் அடித்தால் நான் எடுக்காமல் அப்பாவைக் கூப்பிடுகிறேன், அடிக்காவிட்டால் ரிசீவரைத் தூக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன். வேல்குமாரிடம் சொன்னதும், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா" என்றான். அவனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள், அவள் போனும் இரண்டு நாளாக வரவில்லை. சரக்கு எடுத்துக்கொண்டு காதர்பேட்டை பனியன் கடைகளுக்குப் போனவன் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டு வந்துவிட்டான். அவனைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் சம்பந்தி மாரப்பனே போன் செய்தார். அப்பாதான் எடுத்தார், நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்லீங்க, வெளிநாட்டுல இருக்கற உங்க பெரியவங்களை மட்டும் அன்னைக்குக் கூப்பிட வேண்டாமுங்க, சனம் நாலு விதமாப் பேசுமுங்க" என்றார். பணிவாகத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது. படத்தை முதுகால் பார்த்த மனிதர், சரிங்க என்று சொல்லி வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். "இணைச்சீர் மாப்பிள்ளை ஊட்டுச் சீருங்க சம்பந்தி, அதுல ஆரை நிறுத்தறதுன்னு நாங்கதானுங்க சொல்லோணும். எங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சம்பந்தி, "ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டார். அப்பா தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். நான் அவரைக் கட்டிக்கொண்டவள்தானே, இத்தனை காலத்தில் இன்றைக்குப் போல எனக்கு அவரை எப்போதும் பிடித்ததில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதே, தலைமேல் ஏறிக்கொள்வார்.

மாரப்பன் என்ன சொல்லப் போகிறாரோ, தெரியாது. கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது, நின்றால் உன் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் தெரியவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அந்த அறையில்தான் இருந்தான். நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "அக்காளுக்குத்தானே, ஒட்டிக் குடுங்க, பாங்காக் போற சாம்பிள் பார்சலோட நாளைக்கே அனுப்பீர்றேன்" என்றான். அதனால் சொல்கிறேன், அந்தப் பக்கம் என்ன முடிவானாலும் நீ கிளம்பி வா. இது ஒப்புக்குக் கூப்பிடுவது அல்ல, உன் அப்பாவும் நானும் கூப்பிடுகிறோம். அனுப்ரியாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், "எனக்கு அந்தச் சீரெல்லாம் தெரியாதுங் சித்தி, அக்காளே நிக்கட்டும்" என்றாள், அவளுக்கு நிம்மதிதான். பெரியப்பா வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளலாம். வருகிற வரைக்கும் முழங்கைக்கு முகத்தைக் கொடுக்காதே, வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போடு, நேரத்துக்குச் சாப்பிடு. உன்னைப் படம் எடுத்த அந்தப் பெண்ணையும் கூட்டி வருவதானால் கூட்டி வா, கேமராவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்.

முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கொடுத்துக் கூடவே இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இணைச்சீர்க்காரிக்கு அரக்குப் பட்டு எடுத்தாயிற்று. ரவிக்கை தைக்கப் பழனாத்தாளிடம் கொண்டு போனேன், யாருக்கு என்றாள், என் மகளுக்கு என்றேன், அளவு சொல்லுங்க என்று டேப்பை எடுத்தாள். எந்தெந்த நாட்டுக்காரர்கள் அளவையோ பார்த்த எனக்கு உன் அளவு தெரியவில்லை, துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தோள், மார்பு, கை, மூன்றும் டேப் வைத்து எடுத்து, இந்தக் கடிதம் கண்டவுடன் போன் செய்து சொல். அவள் இன்னும் வெட்டாமல் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
செ. ஞானாம்பாள்