லெச்சுமியின் தோடும் நானா விட்டுக்கொடுத்த கடனும்

என் அன்புக்கு உரிய ரிஸ்னாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறில் இருக்கிறவங்களுக்குச் சொல்லும் ஸலாம் போய்ச் சேரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முற்றத்தில் பள்ளி மௌலவி, மோதினார், பெயின்ட் வேலை செய்யும் என்ட கூடப்பிறந்த நானா, பக்கத்து வீட்டு சுனில். தம்புள்ளையில் இருந்து பண்டார முதலாளி, மரக்கறி இறக்கிய லொறியோடு அப்படியே வந்திருந்தார். எல்கடுவயில் ஓட்டோ ஓட்டும் சிவா, வாசல் தூணில் சாய்ந்து அழுதுகொண்டு நின்றான். உள்ளே நானும் நம்மட மகள் ரிஸ்னாவும் உங்கட தங்கச்சியும். மற்றவர்கள் எல்லாம் பள்ளி ஜமாஅத்தார். அன்றைக்கு அங்கே சொல்லப்பட்ட ஒரு பேச்சால்தான் இந்தக் கடிதம். அதனால் கேட்டவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியாட்களும் இதை வாசிக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன் மையத்து வீட்டு ஆண் ஒருவர் சபையைப் பார்த்துக் கேட்பார்: இவர் யாருக்காவது கடன் திருப்பிக் கொடுக்க இருந்தால் என்னிடம் சொல்லுங்க, யாருட மனசையாவது நோகடித்திருந்தால் மன்னியுங்க. அவ்வளவுதான். இரண்டு வரி.

உங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, நமக்கு மகனும் இல்லை. அதனால் நானாதான் நின்றார். ஜன்னல் சீலைக்குப் பின்னால் இருந்து நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். "எங்கட மச்சான் யாருக்கும் கடன் கொடுக்க இருந்தா என்கிட்ட வாங்க. நான் பொறுப்பு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூக்கைச் சிந்திவிட்டு, யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட்டார்:

"மச்சானுக்கு யாரும் காசு கொடுக்க இருந்தா, அதையெல்லாம் நாங்க விட்டுட்டோம். ஹலாலாக்கிட்டோம். ஒருத்தரும் யோசிக்க வேணாம்!"

சபையில் "மாஷா அல்லாஹ்" என்று நாலைந்து குரல் கேட்டது. எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும், உங்களைக் கடைசியாகப் பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் என் மனசு கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நீங்க தம்புள்ளையில் இருந்து கொண்டு வரும் பில் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்கும் படித்தேன், சிங்கள எழுத்தும் படித்தேன். பண்டார முதலாளியிடம் கடனுக்கு எடுத்த மரக்கறி எவ்வளவு, அதை நம்மட ஓட்டோவில் கொண்டுபோய் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயங்களில் சம்பளத் தவணைக்கு விற்றது எவ்வளவு, யார் தந்தார், யார் "அடுத்த மாசம் பாய்" என்றார், எல்லாம் என்ட கையெழுத்தில்தான் இருக்கிறது. நீங்க போன அன்றைக்கு லயத்தில் இருந்து வர வேண்டியது நாற்பத்தாறாயிரத்து முந்நூறு ரூபா. நானா ஒரே மூச்சில் அதைத் துடைத்துவிட்டார்.

பிறகு ரிஸ்னா அவரை விடவில்லை. "மாமா, பேச்சுப் போட்டிக்கா போனீங்க? கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

நானா கதிரையில் குனிந்து இருந்தார். "மகள், அந்த நேரம் உங்கட வாப்பாவை ஒரு பெரிய மனுஷனா ஆக்கி அனுப்பணும் போல இருந்திச்சு" என்றார்.

நமக்குத் தர வேண்டியவர்கள் நிம்மதியாகப் போனார்கள். நீங்க கொடுக்க வேண்டியவர்கள்தான் வந்தார்கள். புருஷன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிற பொம்பளை பிற ஆண்களின் முன்னால் வர ஏலாது. அதனால் நடு அறையில் கயிறு கட்டி, பழைய கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டேன். அவர்கள் அந்தப் பக்கம் கதிரையில், நான் இந்தப் பக்கம் பாயில். இந்த நாலு மாசமும் உங்கட கடனை நான் அந்தச் சீலையோடுதான் பேசினேன். பேசுகிறவருட முகம் தெரியாது. கீழே சப்பாத்து மட்டும் தெரியும்.

ஓட்டோவுக்குக் கடன் தந்த லீசிங் கம்பனியில் இருந்து வந்த சப்பாத்துகள் மினுங்கிக்கொண்டிருந்தன. கடிதத்தை வாசித்தார்கள், சாவியைக் கேட்டார்கள், ஓட்டோவைக் கொண்டு போனார்கள். தராசு வண்டிக்குள்ளேயே இருந்தது. ரிஸ்னா செருப்பும் இல்லாமல் சந்தி வரைக்கும் ஓடி, வண்டிக்கு முன்னால் நின்று, "வாகனம்தானே உங்கட, தராசு எங்கட வாப்பாட" என்று கத்தி வாங்கி வந்தாள். பிறகு லீசிங்கில் இருந்து கடிதம் வந்தது: வண்டியை விற்றுவிட்டோம், இன்னும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மிச்சம் நிற்கிறது. வண்டியும் இல்லை, வண்டிக் கடன் மட்டும் இருக்கிறது. இது எந்த ஊர்க் கணக்கு? அந்த வண்டியை எடுக்கும்போது என்ட காதில் இருந்தது முதல் தவணைக்குப் போனது. வேற வழி இல்லாமல்தான் எடுத்தோம். ஆனாலும் வட்டிதானே? அதற்கு அல்லாஹ்விடம் நாம் இரண்டு பேரும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பண்டார முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். குதிகால் வெடித்த கால்கள். "நங்கி, தங்கச்சி, நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு நாளும் கையெழுத்து கேட்டதில்ல" என்று அவருட உடைந்த தமிழில் சொன்னார். "வட்டி வேணாம். ஆனா முதல் வேணும். விட்டுட ஏலாது. எனக்கும் பேங்க் கடன் இருக்கு, நங்கி." அவருக்கு எண்பத்துநாலாயிரம். விட்டுவிடுங்க என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் ஐயாயிரம் என்று சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னேன். "ஹொந்தய், சரி" என்று எழும்பினார். அவருட லொறியும் லீசிங்கில்தான் என்று சுனில் சொன்னான்.

அந்த ஐயாயிரம் இடியப்பத்தில் வருகிறது. விடிய ஸுபஹு தொழுதவுடன் நானும் ரிஸ்னாவும் அவிக்கிறோம், நானா வேலைக்குப் போகிற வழியில் இரண்டு கடைக்குப் போடுகிறார். மாவு, விறகு, கரண்ட் பில் போக மிஞ்சுவதில் முதலாளிக்கு ஒரு மாசம், லீசிங்குக்கு ஒரு மாசம். ரிஸ்னாட டியூஷனை நிறுத்திவிட்டேன். "எனக்கு அந்த சேர் படிப்பிக்கிறது விளங்குறதே இல்ல உம்மா" என்றாள். அவள் பொய் சொன்னது எனக்கு விளங்கியது.

நானா சொன்ன வார்த்தை செல்லுமா என்று மௌலவியிடம் கேட்டு அனுப்பினேன். செல்லாது என்றார். மௌத்தானவருக்கு வர வேண்டியது வாரிசுட ஹக்கு, பொஞ்சாதிட நானாவுக்கு அதை விட்டுக்கொடுக்க உரிமை இல்லை. அதிலும் அவருட கடன் தீராமல் இருக்கும்போது, வர வேண்டியதை வாங்கி முதலில் அதை அடைக்க வேண்டும் என்றார். எனக்கு மனசு லேசானது. மார்க்கம் என் பக்கம் நிற்கிறது என்று நினைத்தேன். போன கிழமை லெச்சுமி வரும் வரைக்கும்.

லெச்சுமியை நீங்க சொல்லித்தான் தெரியும், கண்டதில்லை. மேல் லயத்துக் கடைசிக் காம்பரா. புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாத அதே லெச்சுமி. பை நிறைய சவ்சவ்வும் ஒரு சுருள் தேயிலைத் தூளும் கொண்டு வந்திருந்தாள். பொம்பளைதானே என்று சீலையை விலக்கி உள்ளே எடுத்தேன்.

"பாயம்மா, சாவுக்கு வர முடியல. ஒரு நாள் வேலைக்குப் போகாம நின்னா சம்பளத்துக்குப் பேர் போட மாட்டாங்க" என்றாள். பிறகு உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். "நிறுத்து முடிச்சிட்டு ஒரு கத்தரிக்காயத் தூக்கிப் பையில போடுவாரு. கேட்டா, 'அது தானா வழுக்கி விழுந்திச்சு லெச்சுமி, நான் காணல்ல'ம்பாரு. கள்ளப் பாய்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்க போன பிறகு முதல் தடவை. அந்தக் கத்தரிக்காய் எல்லாம் என்ட கணக்கில் இல்லையே! வாரா வாரம் கிலோ குறைகிறது என்று நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன், "வெயில்ல வாடுது" என்று சொன்னீங்களே!

பிறகு அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சிவா தம்பி வந்து சொல்லிச்சு, கடனெல்லாம் விட்டாச்சின்னு. லயமே அழுதிச்சு பாயம்மா. செத்த வீட்டுல நின்னுக்கிட்டு யாரு இப்படிச் சொல்லுவாங்க? எல்லார் பேருலயும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கலாம். ஆனால் உங்கட முகம் வந்தது. தம்புள்ளையில் இருந்து வரும் வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாவுலயில் லொறியில் இருந்து இறங்கிய உங்களை, வீட்டுக்கு வந்து சேரும்போது மூடி வைத்திருந்தார்களே, அந்த முகம். சொல்லிவிட்டேன்.

"லெச்சுமி, அது என்ட நானா அழுகையில சொன்னது. அவருக்கு அந்த உரிமை இல்ல. இவருக்கு ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட கடன் நிக்குது. கடன் தீருற வரைக்கும் மௌத்தானவருட ரூஹ் போய்ச் சேராம தொங்கிக்கிட்டு இருக்கும். அதுதான் எங்கட நம்பிக்கை."

அவள் கை கும்பிட்டபடியே நின்றது. பிறகு கேட்டாள்:

"அப்ப, நாங்க தின்ன கெழங்கும் வெங்காயமும்தான் பாயத் தொங்க வச்சிருக்கா?"

நீங்க இருந்தால் என்ன சொல்லியிருப்பீங்க?

அவள் ரிஸ்னாவிடம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டாள். காதில் தடவி, தோட்டுத் திருகாணியைத் திருகினாள். சின்னதில் போட்டது, கழற்றியதே இல்லையாம். ஒன்று கழன்றது, மற்றது இறுகி நின்றது. காது சிவந்து ரத்தம் கசிந்துதான் அதுவும் கழன்றது. "என் கணக்கு ஏழாயிரத்துச் சொச்சம். நீங்க இத அடகு வச்சு லயத்துக் கணக்கு முழுசும் எடுத்துக்குங்க. மத்தவங்ககிட்ட நான் சம்பளத்துக்குச் சம்பளம் வாங்கிக்கிறேன். பாய் போய்ச் சேரட்டும்" என்று பாயில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. எடுக்கக் கையும் நீளவில்லை. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

பின்னேரம் நானா பார்த்தார். "நல்லதாப் போச்சு. நாளைக்கே அடகு வச்சுத் தாறேன், முதலாளிட கடன்ல பாதிக்கு மேல முடியும்."

ரிஸ்னா மாவரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா மன்னிக்கிறதும் அடுத்தவங்கட காசு. அடகு வைக்கிறதும் அடுத்தவங்கட தோடு."

"நான் என்னடி செய்ய? உங்கட வாப்பா தொங்கிட்டு இருக்கார்!" என்று நானா கத்தினார். கத்திவிட்டு அழுதார். அவருட கையில் ஒட்டியிருந்த பெயின்டோடு முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் பச்சை. எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தோடு அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு உங்கட பேரில் நிற்பது, லீசிங் வட்டியைக் கூட்டாமல் விட்டால், மூன்று வருஷ இடியப்பம். லெச்சுமிட தோட்டை வைத்தால் அதில் ஒன்பது மாசம் குறையும். ஒன்பது மாசம் முன்கூட்டியே நீங்க போய்ச் சேருவீங்க. ஒரு புள்ளையைச் சுமக்கிற காலம். எனக்குத் தெரியும், அது கொஞ்சக் காலம் இல்லை.

ஆனால் மூளிக் காதோடு ஒரு பொம்பளை கண்ணாடி பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியுமே, ரிஸ்னாட வாப்பா. நீங்க அதைப் பார்த்துவிட்டுத்தானே ஒரு மாசம் என் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றீங்க?

நாளை மறுநாள் இத்தா முடிகிறது. பத்தாம் திகதி எல்கடுவயில் சம்பளம். சிவாட ஓட்டோவில் நானும் ரிஸ்னாவும் போகிறோம். முதலில் லெச்சுமிட காம்பராவுக்குப் போய்த் தோட்டை அவளுட கையில் கொடுப்பேன். பிறகு லயத்தில் நின்று, நானா சொன்னது செல்லாது என்று என்ட வாயால் சொல்வேன். கடனை விட மாட்டேன், அது உங்கட ரூஹுட காசு. ஆனால் யாருட காதில் இருந்தும் மூக்கில் இருந்தும் எடுக்க மாட்டேன். முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், நூறு என்றாலும் எழுதிக்கொள்வேன். சிலர் திட்டுவார்கள். சிவாவும் என்னைப் பார்த்து இனி அழ மாட்டான். திட்டட்டும்.

உங்களுக்கு நான் தரும் வாக்கு இது: பண்டார முதலாளிட கடைசி ரூபாயும், லீசிங்கின் கடைசி ரூபாயும் என்ட கையால் கட்டாமல் நான் உங்கட பக்கத்துக்கு வர மாட்டேன். அதுவரை என்னையும் எடுத்துவிடாதே என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டுதான் மாவு குழைக்கிறேன்.

ஆனால் அந்த ஒன்பது மாசத்தை உங்களிடம் கேட்காமல் கொடுத்துவிட எனக்கு உரிமை இல்லை. நானா செய்த பிழையை நானும் செய்ய மாட்டேன். தொங்குகிறது நீங்க. லெச்சுமிட காதுக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள ஏலுமா? கனவில் வந்தாலும் சரி, தலையை ஆட்டினாலும் போதும். பத்தாம் திகதிக்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும். சுணங்காமல் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கட புள்ளட உம்மா