இடம் மாற்றிப் பார்த்த ட்யூப்

மாப்ள,

தூசி சூடேறினால் ஒரு வாசம் வருமே, அது நேற்று உன் வீட்டுக் கூடத்தில் அடித்தது. உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை உன் மகள் போட்டிருந்தாள். பின்பக்கம் விரல் நீளக் கண்ணாடி ட்யூப்கள் சிவப்பாகக் கண் விழித்தன. கூடவே கரகரவென்று சத்தம், வெற்றிலை போட்டவர் தொண்டையைச் செருமுவது போல. நீ போனதிலிருந்து மூடிக் கிடந்த பெட்டி, கொஞ்சம் கோபித்துக்கொள்ளத்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நம் ஆர்கெஸ்ட்ராவில் உன் இடத்தில் அவள் வாசிக்கப் போகிறாள், முதல் தடவையாக. அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம். அந்தப் பிடிவாதம் யார் கொடுத்த சீதனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"எது போயிருந்தாலும் மாத்துங்க மாமா. அந்த நடு ட்யூபை மட்டும் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி அப்பா கையால போட்டதுங்க."

"செரி சாமி" என்றேன்.

பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டினேன், நீ தட்டுவது போலவே. முதல் ட்யூப் சாதுவாக இருந்தது. நடு ட்யூபைத் தொட்டதும் ஸ்பீக்கர் சடசடத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே ட்யூப்தான் என்று முடிவு கட்டக் கூடாது. அது நிற்கிற சாக்கெட் பிடி தளர்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். நீதான் சொல்வாயே, "சந்தேகம் வந்தா இடம் மாத்திப் பாரு. சத்தம் பழைய இடத்துலயே நின்னா சாக்கெட். கூடவே போனா ட்யூப்."

இந்த விதியை என் மேலும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாய். போர்வெல் போடும் ரிக் வண்டியில் சண்டை கட்டிவிட்டு, நம் ஆர்கெஸ்ட்ரா வேனுக்கு நான் டிரைவராக வந்த புதிது. ஆத்தூரில் பாடகரின் தலைச்சாயத்தைக் கிண்டல் செய்தேன். மேடையேற மாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொண்டார். "இங்கயும் ஆளுங்க செரியில்ல மாப்ள" என்று உன்னிடம் புலம்பினேன். நீ கிட்டார் கம்பியைத் திருகிக்கொண்டே சொன்னாய்: "ரிக்குலயும் இதே பேச்சு, இங்கயும் இதே பேச்சு. சாக்கெட் நல்லாத்தான் இருக்குது மாப்ள." முதலில் சிரித்தது பாடகர்தான். கச்சேரி நடந்தது.

நேற்று சுவிட்சை அணைத்துவிட்டு, ட்யூப் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். ஏதேதோ சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், எடுபடவில்லை. நடு ட்யூபைத் துணியால் பிடித்து உருவி, பக்கத்தில் இருந்த அதே ரக ட்யூபோடு இடம் மாற்றினேன். ஒரு சாக்கெட் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அண்ணமார் சாமியை வேண்டிக்கொண்டவன் இந்தச் சீமையிலேயே நான் ஒருவன்தான்.

சுவிட்சைப் போட்டுத் தட்டினேன். சடசடப்பு உன் ட்யூபோடு கூடவே போயிருந்தது.

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சாக்கெட்தான், துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டால் அவள் முகம் தெளிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவே அந்தச் சத்தம் வந்தால், அத்தனை பேர் முன்னால் அவள் என்ன செய்வாள்?

"கூடவே போயிருச்சுங்களா மாமா?"

உன் விதி அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஆமா சாமி."

சுவிட்சை அணைத்து, ஆறியதும் அதை உருவிக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளே சொன்னாள்: "மாத்தீருங்க. அப்பா இருந்தா இந்நேரம் மாத்தி, வாசிச்சே முடிச்சிருப்பாரு. உங்களாட்டம் கையில வெச்சுத் தடவிக்கிட்டு இருக்கமாட்டாரு."

கிண்டலை யாரிடம் படித்தாளோ.

கையோடு கொண்டுவந்திருந்த புதுசைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். ஒரு கம்பியைத் தட்டினாள். சுத்தமாக வந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்புத் தேடினேன், அது காலிலேயே இருந்தது.

உன் ட்யூபைக் குப்பையில் போட அவளுக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை. இப்போது வேனில் கண்ணாடிக்குக் கீழே, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குழியில் சக்கரம் இறங்கினால் இரண்டும் சேர்ந்து உருளும்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நீ போன பிறகு இந்த வேனில் ஏறவே பிடிக்காமல், கொஞ்ச நாள் நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டப் போனேன். அங்கேயும் பக்கத்து சீட்டைப் பார்த்து உன்னோடு பேசிக்கொண்டேதான் போனேன். அதில் உட்கார்ந்திருந்த கிளீனர் அடுத்த டீக்கடையிலேயே இறங்கிக்கொண்டார். பிறகு திரும்பி வந்துவிட்டேன். இங்கேயும் அதே பேச்சுதான்.

சாக்கெட் நல்லாத்தான் இருக்குது மாப்ள.