தைல இலை வாசம்

மாசி, வெள்ளிக்கிழமை.

பனிக்காக மூடி வைத்த பாலிதீன் கூடாரத்துக்குள் காப்பி நாற்று விரலளவோடு நின்றுவிட்டது. வாசலோரம் இருந்தவை மட்டும் நன்றாக வளர்ந்திருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது நான்தான், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. காரணம் புரியாமல், பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து களையெடுக்க வரும் பொன்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, தைல எலையை யாருங்க இங்க குமிச்சு வச்சது?”

பூச்சி வராமல் இருக்க யூகலிப்டஸ் இலையை நான்தான் மூலையில் போட்டேன். இலை ஒரு செடியைக்கூடத் தொடவில்லையே என்றேன்.

“தொடோணும்னு இல்லீங்க. மூடுன எடத்துல அந்த வாசமே போதுங்க, நாத்து வளராதுங்க.”

தினமும் உள்ளே போய் வரும் எனக்கு அந்த வாசம் தெரியவே இல்லை. எரிச்சலோடு இலையை வாரி வெளியே கொட்டினேன். கூடாரத்தையும் சுருட்டிவிட்டேன்.

மகள் செல்வி சேலத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று சொன்னது இப்போது ஓயாமல் காதில் கேட்கிறது. “நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்கப்பா. ஆனா இந்த ஊட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க.”

ஒரு நாளும் அவள்மேல் கை ஓங்காதவன் நான். அதையே பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாக அவளோடு பேசவில்லை. வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுகிறேன்.

போன வாரம் அவளைப் பார்த்துவிட்டு வந்த மைத்துனர், பிள்ளை முகம் தெளிந்து, கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாள் என்றார்.

அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் போல என்றேன்.