மச்சானின் லொறியும் என் இடது கண்ணும்

என் உயிருக்கு உயிரான மச்சானுக்கு,

உங்களை அடக்கிய கப்ரடியில் வந்து சொல்லும் ஸலாத்தை இந்தத் தடவை தாளில் சொல்கிறேன். ஊர்ச் சிறப்பு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்குத்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பக்கத்து மேசையிலிருந்து கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்துவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். மூன்று வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், பக்கத்தில் இருந்த கடைக்கார நானா என் இடது தோளையே பார்க்கிறார். வெள்ளைச் சட்டையில் கறுப்பாக, வட்டமாக, பதக்கம் குத்திய மாதிரி ஒரு சாமான். பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"என்னத்தெ தம்பி இது, ஸ்டியரிங்கா?"

"ஓம் நானா."

"ஸ்டியரிங்க வீட்ட வெச்சிட்டு வந்தா யாரும் களவெடுக்க மாட்டாங்களே."

மூன்று வரிசைக்குச் சிரிப்பு. காலையிலிருந்து முழங்காலில் தவழ்ந்து நான் தேடிய ஸ்டியரிங் அது. பசையோடு தோளில் ஒட்டிக்கொண்டு பள்ளிவரைக்கும் வந்திருக்கிறது. வெளிக்கிடும்போது கண்ணாடி பார்த்துத்தான் வந்தேன் மச்சான். காணவில்லை. அந்தக் 'காணவில்லை'தான் இந்தக் கடிதம்.

ஸ்டியரிங் யாருடையது என்று கேட்பீர்கள். உங்களுடைய லொறியினுடையது. நீங்கள் கட்டாரில் பதினொரு வருஷம் ஓட்டிய அதே சாதி லொறியின், துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற மொடல் கிட். இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. 'ஆறுதலாகக் கட்டலாம்' என்று வைத்துக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் மவுத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டிலிருந்து மைனி உங்கள் பெட்டிகள் அத்தனையையும் இங்கே அனுப்பிவைத்தார். ஐம்பத்துநாலு பெட்டி. நீங்கள் எனக்குக் கட்டிவைத்த உங்கள் தங்கை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட நானா போயிட்டாரு, ஊடு நெறைய லொறிய உட்டுட்டு."

அலுமாரியின் மேல்தட்டில் அவளுடைய கல்யாணச் சேலைகள் இருந்த இடத்தில் இப்போது ஜப்பான் பெட்டிகள். சேலைகள் எங்கே என்று கேட்காதீர்கள். நானும் கேட்பதில்லை.

என்னைக் கெடுத்தது நீங்கள்தானே. பத்தாம் வகுப்போடு பேனையை வைத்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. முதல் பெட்டியை நீங்கள் என் முன்னால் திறந்த நாள் ஞாபகம் இருக்கிறது. புதுச் செருப்பும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசம். பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குகிற மாதிரி கதவு, விளக்கு, நெம்புகோல், நகத்தில் பாதி அளவுக்குக் கதவுப் பிடி. முன்னூற்றுச் சொச்சம் துண்டுகளையும் தாளைப் பார்த்து இலக்கம் இலக்கமாக எண்ணினோம். ஒன்றும் குறையவில்லை என்றானதும் எனக்கு ஏனோ அப்படி ஒரு நிம்மதி. உலகத்தில் எந்தச் சாமானுக்கு அப்படிக் கணக்குச் சரியாக வருகிறது?

கட்டுவது ஒரு சந்தோசம் என்றால், கட்டாமல் வைத்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய சந்தோசம். திறக்காத பெட்டிக்குள் இருக்கிற லொறி ஒருநாளும் பழுதாகாது, யாரையும் மோதாது என்பீர்கள். எத்தனை சண்டை பிடித்திருக்கிறோம். பெட்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் வரும். கட்டாரில் அப்படித்தான், விடு என்பீர்கள். நான் விடமாட்டேன். வெட்டி வலப்பக்கம் மாற்றி, இலக்கத்தகட்டில் நம்முடைய மாகாண எழுத்தை நுனித் தூரிகையால் எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும். ஆசனத்தில் உட்கார வருகிற குட்டி மனிசனை மட்டும் இரண்டு பேருமே ஒட்டுவதில்லை, மார்க்கப்படி உருவம் வேண்டாம் என்று. ஆளில்லாத வண்டிகளைப் பார்த்து விருந்தாளிகள் கேட்டால், "ட்ரைவர் தொழப் போயிருக்காரு" என்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. கட்டாரிலிருந்து வந்து இங்கே சீமெந்து லொறி ஓட்டிய காலத்தில், ஒருநாள் பாலாவிச் சந்தியில் பாரத்தோடு வண்டியை ஓரங்கட்டினீர்கள். சாவியைத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். தலை ஒருதரம் சுற்றியதாம், அவ்வளவுதான். முதலாளி போனில் ஏசியது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஒரு சுத்துத்தானே மச்சான்," என்றேன் நான், பெரிய ஞானி மாதிரி. "தண்ணி குடிச்சிட்டு ஓட்டி வந்திருக்கலாமே."

"எனக்குச் சுத்துறது ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா?" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டியரிங் பிடித்ததே மேசையில்தான்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அஸர் தொழுதுவிட்டு உங்கள் லொறியோடு உட்கார்ந்தேன். இடது பக்கக் கண்ணாடியை இடுக்கியில் பிடித்து, பசை தொட்டு, கதவோரம் வைக்கிறேன், விழுகிறது. எடுத்து வைக்கிறேன், விழுகிறது. ஐந்தாவது தடவை மகள் தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"வாப்பா, எங்க ஒட்டுறீங்க? காத்துலயா?"

"கதவுலதான் மகள்."

"கதவு இங்கால ஈக்கி. நீங்க அங்கால வெக்கிறீங்க."

"பெய்த்துப் படிங்க மகள்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி. இடுக்கி நுனிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நெல் நுழையும் இடைவெளி. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, உங்கள் தங்கையும் மகளும் கனமூலை ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். கட்டி முடித்த வண்டிகள் இருபத்தாறையும் இறக்கி மேசையில் வரிசைப்படுத்தினேன். ஒவ்வொன்றின் அடியிலும் முடித்த மாசத்தை எழுதிவைப்பேன், உங்களுக்குத் தெரியும். மாசப்படி நிறுத்தினேன். முதல் பதினைந்தும் சுத்தம். வாய் திறந்து ஒரு குறை சொல்ல முடியாது. பதினாறாவதில் பசைக் கறை ஒன்று. பத்தொன்பதாவதில் விளக்கு கொஞ்சம் சரிவு. பிறகு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒட்டவேண்டிய இடம் விட்டு எல்லாம் நகர்ந்துகொண்டே போகிறது. கடைசி வண்டியின் இலக்கத்தகடு, வாசிக்கத் தெரியாதவன் ஒட்டிய மாதிரி. அதைக் கட்டி முடித்த அன்று நான் உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்திருந்தேன். பாவம், அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மேசையின் ஒரு முனையில் நின்று மறுமுனைவரைக்கும் பார்த்தேன் மச்சான். இரண்டரை வருஷமாக நடந்தது ஒன்று, எனக்கு மட்டும் தெரியாமல், வரிசையாக நிற்கிறது.

பெட்டியொன்றை எதிரே நிறுத்தி, வலது கண்ணைப் பொத்தினேன். படத்தில் லொறியின் நடுப்பகுதி இல்லை. முன் சில்லு இருக்கிறது, பின் சில்லு இருக்கிறது, நடுவில் புகை. கையை எடுத்தேன், லொறி வந்தது. பொத்தினேன், போனது. சின்னப் பிள்ளை ஒளித்து விளையாடுகிற மாதிரி எத்தனை தரம் செய்தேனோ. சீனி வருத்தம் வந்து ஒன்பது வருஷம். கிளினிக்கில் ஒவ்வொரு வருஷமும் கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்பார்கள். 'என் கண்ணா? நான் மில்லிமீட்டரில் ஒட்டுகிறவன்' என்று நினைத்துக்கொண்டு மருந்துக் குளிசையை மட்டும் வாங்கி வருவேன். அப்படிப்பட்ட கெட்டிக்காரன் உங்கள் தங்கைக்கு வாய்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நான் வேனை எடுத்தேன்.

ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். பதினேழு பிள்ளைகளும் விடியவே வாசலில் நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒரு கண் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். சொல்லாதவரைக்கும் அது உண்மையாகாது என்றும் நினைத்தேன். உப்பளத்து வெளியில் வெள்ளை வெயில்; காற்று வேனை ஆட்டுகிறது. இடப்பக்கம் சைக்கிள் வருகிறதா, ஆள் வருகிறதா என்று கோழி மாதிரிக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, உருட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரத்தில் நம்முடைய வழமையான கழுதைகள்.

"அங்கிள், கழுத எங்கள முந்துது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமையும் ஓட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய் பின்னேரம் வந்து, வேன் சாவியை உங்கள் தங்கையின் முன்னால் வைத்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனத்துக்கு இத இங்க வெக்கிறீங்க? செதில் படும்."

"எனக்கு எடது கண் தெரியல்ல."

கத்தியை வைத்தாள். கையைக் கழுவவில்லை, செதிலோடு இரண்டு விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "இது எத்தின?" வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "கை ஈக்கி, வெரலக் காணல்ல," என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எப்ப தெரிஞ்ச?" என்று கேட்டாள்.

"இன்டெக்கித்தான்," என்றேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதாம். இடதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டொக்டர். வலதிலும் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாசம் கொழும்பில் லேசர் பிடிக்க வேண்டும். "பயப்படாதீங்க," என்று சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

பயமாகத்தான் இருக்கிறது மச்சான். காலையில் விழித்ததும் வலது கண்ணை மட்டும் திறந்து மின்விசிறியின் இதழ்களை எண்ணுகிறேன். மூன்று. நேற்றும் மூன்று. நாளைக்கு? மகள் கதைக்கும்போது கதையைக் கேட்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், "என்ன வாப்பா, மூக்குல ஏதும் ஈக்கா?" என்கிறாள். பெட்டிகளைத் திறந்து துண்டுகளைத் தடவிப் பழகுகிறேன், இருட்டில் எது கதவு, எது சில்லு என்று. நீங்கள் இருந்தால், "எதுக்கு இப்பவே ஒத்திகை?" என்று ஏசுவீர்கள். ஏச ஆளில்லை.

பிள்ளைகளை இப்போது வேறொரு வேன் ஏற்றுகிறது. பெற்றோருக்கு உங்கள் தங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். தெரிந்த உடனேயே இறங்கிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் ஊரில் எனக்கு இப்போது நல்ல பேர். கடைக்கார நானாகூடக் கையைப் பிடித்து துஆ செய்கிறேன் என்றார். இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு சின்னப் பிள்ளையின் உம்மா வீடு தேடி வந்தார், பாத்திரம் நிறையக் கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பத்தோடு. சீனி வருத்தக்காரனுக்கு வட்டிலப்பம்! "நீங்க அல்லாஹ்க்குப் பயந்த மனிசன் நானா. எங்கட புள்ளைகள உங்கள நம்பித்தானே அனுப்பின," என்றார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

அவருடைய பிள்ளைதான். பின்னேரம், அவர்கள் ஒழுங்கை முனையில் இறக்கினேன். கதவு சாத்திய சத்தம் கேட்டது. இடது கண்ணாடியைப் பார்த்தேன், யாரும் இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கியரைப் போட்டுக் காலை எடுத்தேன். வேன் நகர்ந்தது. முன்னால் இடப்பக்கத் தகரத்தில் 'டப் டப்' என்று உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். பிரேக்கை மிதித்தேன். முன் சில்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழும்பியது. உருண்டுபோன தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்திருக்கிறாள். "அங்கிள், நான் இன்னம் இங்க!" என்று சிரித்துவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியாது. நல்ல கண் இருந்திருந்தாலும் கண்டிருப்பேனா, அதுவும் தெரியாது. அதற்குப் பிறகும் வேனில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களையும் நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்.

இந்தத் தாள் அச்சுக்குப் போகும் முன்னால் அந்த வீட்டுக்குப் போவேன் மச்சான். உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போவேன், அவளும் அங்கேயே கேட்கட்டும். ஏசட்டும், அடிக்கட்டும், பேர் போகட்டும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஆனால் அன்று, பாத்திரத்தை நீட்டிக்கொண்டு அந்த உம்மா வாசலில் நின்றபோது, இரண்டு கையாலும் வாங்கினேன். "ஜஸாகல்லாஹு கைர்" என்று நன்றியும் சொன்னேன். எனக்குச் சனிக்கிழமையே தெரியும் என்று சொல்லவில்லை.

உங்கள் தங்கையை உங்கள் கையால் வாங்கிக்கொண்ட,
உங்கள் மச்சான்