மேசையின் அந்தப் பக்கம்

ஜூன் 4

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. உறை கனமாக இருந்ததால் ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே பக்கம் பக்கமாக அறிவுரை. "உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம் அடியெடுத்து வைக்கும் மாணவர்களுக்கு" என்று தலைப்பு வேறு. வருஷா வருஷம் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் காகிதத்தை, அறுபதைத் தொடப்போகும் அக்காவுக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாய். டீச்சர் உத்தியோகம் உன்னோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது போலிருக்கிறது.

"முதல் நாளே நண்பர்களைத் தேடிக்கொள்" என்கிறாய். தேடுவதற்கு நான் என்ன அவர்களைத் தொலைத்துவிட்டா வந்தேன்? "பெரிய பிள்ளைகள் கேலி செய்தால் ஆசிரியரிடம் சொல்" என்கிறாய். நான் சேர்ந்திருக்கும் மாலை நேர ஒன்பதாம் வகுப்பில் என்னைவிடப் பெரிய பிள்ளை கிடையாது. "புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேள்" என்பதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாலாவதோடு நிறுத்தி என் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தார்கள். மிச்சத்தை நானே கற்றேன். போன வருஷம் எட்டாவதைத் தனித்தேர்வாக எழுதித் தேறினேன். யாரைக் கேட்டேன்?

போன் செய்யாதே. சலவைக் கடையில் இருக்கும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கேட்டாலும் நீ அழ ஆரம்பித்துவிடுவாய். கடிதமே எழுது.

திங்கட்கிழமை வகுப்பு. எனக்குப் பயமெல்லாம் இல்லை. முதல் நாள் எல்லாப் புத்தகமும் கொண்டுபோக வேண்டுமா, நோட்டு மட்டும் போதுமா என்பதை மட்டும் எழுது.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டும் பேனாவும் போதும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது முதல் நாள் முடிந்திருக்கும். எப்படிப் போனதோ என்று எனக்கு இங்கே கை ஓடவில்லை. என் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, நீ எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். "டீச்சர், வருகைப் பதிவு எடுக்கலையா?" என்று அவர்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கோபித்துக்கொள்ளாதே. அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பியது தப்புதான். ஆனால் அதில் பாதி நீ எனக்குச் சொன்னது. இஸ்திரி மேசையின் ஒரு கோடியில் நான் படிப்பேன், எதிர்ப்பக்கம் நின்று நீ துணி தேய்ப்பாய். "சத்தமாப் படி. கையை எடு, எழுத்தை மறைக்காதே. அதுக்குள்ள என்ன பக்கத்தைத் திருப்புற?" எத்தனை அதட்டல்! அந்தக் காவல் இல்லாவிட்டால் நான் புத்தகத்தின் மேலேயே தூங்கியிருப்பேன். இன்றைக்கு டீச்சராக நிற்பதற்கு அதுதான் காரணம்.

கேட்கக் கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன்: ஒன்பதாவது அரையாண்டு முடிந்து ஹாஸ்டலில் இடம் கிடைத்து நான் கிளம்பிய அன்று, நீ ஏன் வாசல் வரைக்கும்கூட வரவில்லை? முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்த சட்டையையே தேய்த்துக்கொண்டிருந்தாய்.

பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஜியோமெட்ரி பாக்ஸும் அட்லஸும் தனியாக அனுப்பியிருக்கிறேன். பின் பெஞ்சில் உட்காராதே. தயவுசெய்து.

உன் வாண்டு


ஜூன் 20

வாண்டுக்கு,

பின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேதான் மின்விசிறி சுற்றுகிறது.

வகுப்பில் ரொட்டிக் கடைப் பையன் ஒருவன், லாரி டிரைவர் ஒருவர், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு ஓடிவரும் ஒரு பெண், இன்னும் சிலர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து "வணக்கம் டீச்சர்" என்றார்கள். நான் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ரொட்டிக் கடைப் பையன், "யாரு பெரியம்மா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்றான். "ஆமா, உன் நகத்தைக் காட்டு" என்றேன். காட்டிவிட்டான், பாவம்.

கணக்கு சாருக்கு என் கடை வாஷிங் மெஷினின் வயதுதான் இருக்கும். நல்ல மாதிரி. ஆனால் ஒரு கெட்ட பழக்கம்: திடீரென்று ஒருவரைக் கூப்பிட்டுப் போர்டில் போடச் சொல்வார். அவர் பார்வை பின்னால் வரும்போதெல்லாம் நான் குனிந்து பையில் எதையோ தேடுகிறேன்.

பெட்டியும் அட்லஸும் வந்தன. அட்லஸ் நல்ல தாள். மேசையில் எப்போதும்போல் அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் விஷயத்தை இனிமேல் கேட்காதே.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீ திட்டினாலும் பரவாயில்லை என்று உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டேன். கணக்கு சாரிடமே பேசினேன்.

போன வாரம் உன்னைப் போர்டுக்குக் கூப்பிட்டாராம். வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கச் சொன்னாராம், வலப்பக்கம் மூன்று, மேலே இரண்டு. நீ கொஞ்சமும் தயங்காமல் இடப்பக்கம் கீழே கொண்டுபோய் வைத்தாயாம். வகுப்பு சிரித்திருக்கிறது. சாக்பீஸை அவர் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனவள் திரும்பி வரவே இல்லையாம்.

அவர் தப்பாகப் பேசவில்லை அக்கா. "அவங்களுக்கு அடிப்படையே சரியா இல்லை போலிருக்கு மேடம். வந்தாங்கன்னா எட்டாவதுல உட்கார வைக்கலாம்னு தலைமையாசிரியர் சொல்றார்" என்றார். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

உனக்குக் கணக்கு வராது என்றால் நான் நம்பமாட்டேன். என்ன நடந்தது? என்னிடம் சொல்வதற்கு என்ன? நீ பிடித்த முயலுக்கு மூணே கால் என்று இப்படியே உட்கார்ந்துவிடாதே.

வாண்டு


ஜூலை 18

நீ யாரைக் கேட்டுப் போன் செய்தாய்? கெஞ்சினாயாமே. எனக்காகக் கெஞ்சச் சொல்லி உன்னிடம் யார் அழுதது? எட்டாவதா? எட்டாவது தேறிய சான்றிதழ் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு மறுபடியும் எட்டாவதுக்குப் போவேனா? என்னை நடத்துவதாக இருந்தால் ஒன்பதாவதில் நடத்தட்டும். இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டி இருக்கவே இருக்கிறது.

என்ன நடந்தது என்று கேட்கிறாய். சொல்கிறேன். சொன்ன பிறகு அதைப் பற்றி எனக்கு எழுதாதே.

நான் உனக்குக் காவல் நின்றதாக இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு வேறு வேலை இல்லையா? நான் படித்துக்கொண்டிருந்தேன். உன் புத்தகத்தை, எதிர்ப்பக்கத்திலிருந்து. சத்தமாகப் படி என்றது எனக்குக் கேட்க. கையை எடு என்றது எனக்குத் தெரிய. பக்கத்தைத் திருப்பாதே என்றது, நான் இன்னும் அந்தப் பக்கத்தை முடிக்கவில்லை என்பதால். நாலாவதுக்கு மேல் நான் கற்றதெல்லாம் தலைகீழாகக் கற்றது. எழுத்து எனக்கு எப்படி வைத்தாலும் ஓடும். ஆனால் படம், கோடு, வரைபடம் எல்லாம் அங்கிருந்து பார்த்தபடிதான் மனசில் ஏறியிருக்கின்றன. உனக்கு மேலே என்பது எனக்குக் கீழே. உன் வலது என் இடது. அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ அதை முதன்முதலில் போட்டபோது நான் ஒரு பள்ளிச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். அதனால்தான் தயங்காமல் போய் வைத்தேன். சிரித்தார்கள்.

இன்னொன்றும் கேட்டாயே. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். என் ஒன்பதாம் வகுப்பும் அந்தப் பெட்டிக்குள்தான் போனது. அரையாண்டு வரைக்கும் எனக்குப் பாடம் இருந்தது. அதற்குப் பிறகு எதிரே வெறும் மேசை. வாசலுக்கு வந்து நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகாதே என்றா?

அவ்வளவுதான். என்னைப் பார்க்க வரவும் வேண்டாம்.


ஜூலை 23

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் சாப்பாட்டு மேசையில் ஒன்பதாவது கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தேன். எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஆயிரம் தடவை நடத்திய பாடம். ஒரு வரி முழுதாகப் படிக்க முடியவில்லை. தலை சுற்றியது. நீ துணி தேய்த்துக்கொண்டே படித்திருக்கிறாய். நான் சலித்துப்போய் வேகமாகத் திருப்பிய ஒவ்வொரு பக்கமும் இப்போது என்னைக் குத்துகிறது.

வரைபடத்தாளில் அந்தப் புள்ளியை வைத்து அங்கிருந்து பார்த்தேன். நீ வைத்த இடத்தில்தான் இருந்தது. நீ தப்பாக வைக்கவில்லை அக்கா. நீ நின்ற பக்கத்திலிருந்து அதுதான் சரி.

ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் "புரியாவிட்டால் கேள்" என்கிறேன். கேட்க முடியாத இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாளா என்று நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வர வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் நீ கூப்பிடாமல் வரமாட்டேன். பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுவிடாதே.

வாண்டு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுவது. உன் ஆறுதலை நீயே வைத்துக்கொள். தப்பு தப்புதான். மேசைக்கு நாலு பக்கம் இருக்கலாம், போர்டுக்கு ஒரே பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியாவிட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு தொடங்கும் முன்பே கணக்கு சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கையைத் தூக்கவில்லை, கேட்கவும் இல்லை. சொன்னேன். அவர் ஒரு நோட்டை நடுவில் வைத்து ஒரு கணக்கை எழுதிக்கொண்டே போனார். நான் எதிரே நின்றபடி அவர் எழுத எழுத வாசித்தேன். ரொட்டிக் கடைப் பையன் எட்டிப் பார்த்து, "பெரியம்மா, பரீட்சையில எனக்கு முன் பெஞ்சுல உட்காராதீங்க, திரும்பிப் பார்த்தே எல்லாத்தையும் காப்பி அடிச்சிடுவீங்க" என்றான். "உன்னைப் பார்த்து எழுதினா நான் எட்டாவதுக்கில்ல, ரெண்டாவதுக்குப் போவேன்" என்றேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு வரைக்கும் ஒன்பதாவதில் இருக்கலாம், அதில் தேறாவிட்டால் எட்டாவதுதான் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். முதல் கடிதத்தில் பயமெல்லாம் இல்லை என்று எழுதினேன். அது பொய்.

அன்றிலிருந்து மேசையின் உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். புதிதாக எழுதப் பழகுகிற மாதிரி இருக்கிறது. பென்சிலைக் கீழே கொண்டுபோய், பிறகு நினைவு வந்து மேலே ஏற்றுகிறேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகத் தெரு முழுதும் தெரிகிறது. எனக்குத் தெரியாது. என் பக்கத்திலிருந்து சுவரும் உன் முகமும்தான் தெரியும்.

அரையாண்டு வரைக்குமான பாடத்தை நானே நேராக்கிக்கொள்வேன். அதற்கு யாரும் வேண்டாம். அதற்குப் பிறகு உள்ளதை நான் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்ததில்லை. முயலுக்கு நாலு கால் என்று வைத்துக்கொள்.

விடுமுறை கிடைத்ததும் வா. உன் பக்கம் எனக்கு வேண்டும், நீ என் பக்கம் உட்கார். இஸ்திரிப் பெட்டி வைக்கிற இடம் சூடாக இருக்கும், பார்த்துக் கையை வை. சத்தமாகப் படி. இந்தத் தடவை பாடம் முடியும் முன்னால் எழுந்து போகக் கூடாது.

உன் அக்கா
ஒன்பதாம் வகுப்பு