வெட்டி எடுத்த சிரிப்பு

செவ்வாய், திருப்பதி

ஆட்டோ ஓட்டும் லட்சுமியக்காவைப் பற்றி நான் எடுத்திருக்கும் ஆவணப்படத்தை இன்று அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். அக்கம்பக்கத்தாரை எல்லாம் ஆசையாகக் கூப்பிட்டிருந்தார். முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "இன்னாமே, எழவு வீடு மாதிரி கீது? நாள் பூரா சிரிச்சிக்கினு இருப்பியே, அது எங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். சிரித்த இடங்களை வெட்டியது நான்தான். கஷ்டப்படுகிற பெண் சிரித்தால் பார்ப்பவர்கள் இரங்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

"கேமராவுல சரியா விழலக்கா" என்று பொய் சொன்னேன்.

"அவ்ளோதானா? நாளைக்கு வா பாப்பா. அலிபிரி வரைக்கும் சிரிச்சிக்கினே ஓட்டறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அந்தப் பழைய சிரிப்பெல்லாம் லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது. கேமராவுக்கு சார்ஜ் போட்டிருக்கிறேன்.